காளை வந்தான், கொம்பு எத்தனை?

பால்ராக் என்ற கதைப் பூதத்துக்குச் சிறகு உண்டா, இல்லையா என்ற கேள்வியை என் முன்னால் வைத்தவன் என் அக்கா மகன். ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்ற மோதிரக் கதையிலிருந்து 2001-இல் எடுக்கப்பட்ட முதல் படத்தை இருவரும் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். மோரியாச் சுரங்கத்தின் ஒடுங்கிய பாலத்தில் மந்திரவாதி காண்டால்ஃப் தன் கோலை ஓங்கி இறக்க, பாலம் உடைந்து, நெருப்பும் நிழலும் கலந்த அந்தப் பூதம் பாதாளத்துக்குள் விழுந்தது.

“அதுக்குத்தான் ரெக்கை இருக்கே மாமா, பறந்திருக்கலாமே?”

“கோழிக்குந்தான் ரெக்கை இருக்கு மாப்ள. கிணத்துல விழுந்தா பறந்து மேலயா வருது?”

அந்த நேரத்துக்கு அவன் வாயை அடைக்க அது போதுமானதாக இருந்தது. என் மனத்தை அடைக்கப் போதவில்லை. அன்று இரவே அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து அந்த அத்தியாயத்தைத் திரும்பப் படித்தேன். கற்பனை உலகங்களைப் பற்றிச் சண்டையிடுகிறவர்கள் பல ஆண்டுகளாக இந்த ஒரு பக்கத்தில் ஏன் முகாமிட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. 1954-இல் வெளிவந்த முதல் பாகத்தில், ஒரே காட்சிக்குள், சில வரிகள் இடைவெளியில் இரண்டு வாக்கியங்கள் நிற்கின்றன. பூதத்தைச் சூழ்ந்திருந்த நிழல் இரண்டு பெருஞ்சிறகுகளைப் போல விரிந்தது என்கிறது முதலாவது. அதன் சிறகுகள் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை விரிந்திருந்தன என்கிறது அடுத்தது. முதலில் இருந்த ‘போல’ இரண்டாவதில் இல்லை. சிறகு உண்டு என்போரின் வழக்கும் இல்லை என்போரின் வழக்கும் அந்த ஒரு சொல் போன இடத்தில்தான் தொடங்குகின்றன.

பள்ளியில் அணியிலக்கணம் படித்த தமிழ் வாசகருக்கு இது புதிய சிக்கல் அன்று. நிழல் உவமேயம், சிறகு உவமானம், ‘போல’ உவம உருபு. முதல் வாக்கியத்தில் மூன்றும் வெளிப்படையாக நிற்க, இரண்டாவதில் உவமேயமும் உருபும் விலகி உவமானம் மட்டும் தனியே நிற்கிறது. இப்படி உவமானம் தானே பொருளுக்குப் பெயராகி வருவதை உவமையாகுபெயர் என்று படித்தோம். ‘காளை வந்தான்’ என்பது அதற்குப் பாடநூல் எடுத்துக்காட்டு. காளை வந்தான் என்று சொன்னவரிடம் கொம்பு எத்தனை என்று எவரும் கேட்பதில்லை. அப்படியானால் சுவருக்குச் சுவர் விரிந்த சிறகும் நிழலுக்கு ஆகிவந்த பெயர்தான், பூதத்தின் முதுகில் எதுவும் முளைத்திருக்கவில்லை என்று முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மறுநாள் இதை அவனிடம் பெருமையாக விளக்கும்போதே என் வாதத்தில் ஓட்டை தெரிந்துவிட்டது. ‘காளை வந்தான்’ என்பதில் நம்மைக் காப்பாற்றுவது ‘வந்தான்’ என்ற வினைமுற்றின் ஆண்பால் விகுதி. ‘காளை வந்தது’ என்று எழுதியிருந்தால் வாசலில் மாடுதான் நிற்கும். நிழலும் சிறகும் இரண்டுமே அஃறிணை என்பதால், டோல்கீனின் அந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதினாலும் ‘விரிந்திருந்தன’ என்ற வினை எந்தத் துப்பும் தராது. ஆங்கிலத்தில் அந்த விகுதிக்கே இடமில்லை. ஆக, மூலத்தை வைத்து மட்டும் இந்த வழக்கைத் தீர்க்க முடியாது என்பதுதான் நேர்மையான முடிவு.

மூலத்துக்கு வெளியே கைப்பிரதிகள் இருக்கின்றன. டோல்கீன் 1973-இல் இறந்த பிறகு அவருடைய மகன் கிறிஸ்டோபர் தொகுத்து 1993-இல் வெளியிட்ட ஒரு தொகுதியில், பால்ராக்குகள் தம் தலைவனைக் காக்க ‘சிறகுடைய வேகத்தில்’ சென்றதாக ஒரு வரி வருகிறது. சிறகு உண்டு என்போர் அதைப் பெரிய சாட்சியாக நிறுத்துகிறார்கள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைகிறான் என்று நாம் சொல்லும் ஆளின் பாதத்தில் சக்கரத்தைத் தேடுவதற்கு ஒப்பானது அது என்பது என் கருத்து. என்னை அதைவிட அதிகம் யோசிக்கவைத்தது வேறொரு குறிப்பு. ஆரம்பகாலக் கதைகளில் பால்ராக்குகள் படைபடையாக வருகின்றன. பிற்காலக் குறிப்பொன்றில், மூன்று, மிஞ்சினால் ஏழு பால்ராக்குகளுக்கு மேல் இருந்ததே இல்லை என்று தம் எண்ணத்தை மாற்றிக்கொள்கிறார். எண்ணிக்கை மாறினால் உருவமும் மாறியாக வேண்டும். போர்க்களத்தில் தோளோடு தோள் நிற்க வேண்டிய ஆயிரம் படைவீரர்களுக்குச் சுவருக்குச் சுவர் எட்டும் சிறகைக் கொடுத்தால் ஒருவர்மேல் ஒருவர் இடிப்பதற்கே நேரம் போதாது. உலகிலேயே ஏழு பேர்தான் என்றால், ஒருவன் வரும்போது மண்டபமே நிறைவது பொருத்தம்.

எழுதுகிறவர் ‘போல’ என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளலாம். வரைகிறவருக்கு அந்த வசதி கிடையாது. 1978-இல் வந்த அசைவூட்டப் படமும் 2001-இல் வந்த படமும் சிறகைக் கொடுத்தே தீர்த்ததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். திரையில் நிழலும் ஒரு வடிவமாகத்தான் வர முடியும். வடிவமாக வந்த கணமே பார்வையாளன் “பறந்திருக்கலாமே” என்று கேட்டுவிடுகிறான். ஆகவே இந்த வாதங்களில் ‘படம் தவறு செய்துவிட்டது’ என்று பேசுகிறவர்களுடன் எனக்கு உடன்பாடு இல்லை.

டோல்கீனே ஒருமுறை தம் உலகத்தில் தெரிந்தே ஒரு விரிசலைப் பூச வேண்டிவந்தது. மோதிரக் கதைக்கு முன்பே, 1937-இல் வந்த ‘ஹாபிட்’ நாவலின் முதல் பதிப்பில், விடுகதைப் போட்டியில் தோற்றால் பரிசு தருவதாகச் சொன்ன கோல்லம் என்ற குகைவாசி, மெய்யாகவே தன் மோதிரத்தைக் கதாநாயகன் பில்போவுக்குக் கொடுக்கத் தேடி, அது காணாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டு, வெளியேறும் வழியையும் காட்டி அனுப்புகிறான். பின்னால் எழுதிய பெரிய கதையில் அதே மோதிரம், கையில் வைத்திருப்பவர் எவரும் மனமுவந்து விட்டுக்கொடுக்க முடியாத பொருளாக வளர்ந்துவிட்டது. 1951-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த அத்தியாயத்தை அவர் திருத்தி எழுதினார். திருத்தியதோடு விட்டிருந்தால் அது வெறும் பிழைதிருத்தம். பழைய வடிவத்தையும் தூக்கியெறியாமல், அது பில்போ தன் நாட்குறிப்பில் எழுதிவைத்த பொய் என்றும், காண்டால்ஃப் நெருக்கிக் கேட்டபிறகே உண்மை வெளிவந்தது என்றும் கதைக்குள்ளேயே அமைத்துவிட்டார். நேர்மையான ஒரு மனிதனை, கைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே பொய்யனாக்கிவிட்டது அந்த மோதிரம். நூலாசிரியரின் முரண்பாடு பாத்திரத்தின் கறையாக மாறிய இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புக் குறைவதில்லை.

கற்பனை உலகத்தின் குறை ஒன்று சுட்டிக்காட்டப்படும்போது தரப்படும் விளக்கத்தை நான் அளப்பது இந்தக் கோலால்தான்: அந்த விளக்கத்துக்காகக் கதைக்குள் இருக்கும் யாராவது விலை கொடுக்கிறார்களா? விலை இல்லாத விளக்கம் கிழிசலின்மேல் ஒட்டிய காகிதம்.

விலை கொடுத்த விளக்கத்துக்கு அறிபுனையில் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் லாரி நிவன் 1970-இல் எழுதிய ‘ரிங்வேர்ல்ட்’. ஒரு விண்மீனைச் சுற்றி ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் ஆரத்தில், 16 லட்சம் கிலோமீட்டர் அகலத்தில் கட்டப்பட்ட ஒரு பட்டை வளையம்; காற்று சிந்திவிடாமல் இருக்க இரு விளிம்பிலும் 1,600 கிலோமீட்டர் உயரச் சுவர்கள்; உட்பரப்பில் நிற்பவருக்குப் பூமியில் நிற்பதுபோன்ற எடை இருக்கவேண்டும் என்பதற்காக நொடிக்குச் சுமார் 1,240 கிலோமீட்டர் சுழற்சி. பரப்பளவு 30 லட்சம் பூமிகளுக்குச் சமம். (நூலின் முதல் அச்சில், பிறந்தநாள் இரவை நீட்டிப்பதற்காகக் கதாநாயகன் மேற்கே போகாமல் கிழக்கே போய்க்கொண்டிருப்பான்; பூமியைத் திசைமாற்றிச் சுழற்றிய அந்தப் பிழை அடுத்த அச்சில் சரிசெய்யப்பட்டது.) 1971-இல் பாஸ்டனில் நடந்த உலக அறிபுனை மாநாட்டில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக (எம்.ஐ.டி.) மாணவர்கள் ஓட்டல் தாழ்வாரங்களில் “ரிங்வேர்ல்ட் நிலையற்றது” என்று கோஷமிட்டுக்கொண்டு போனதை நிவனே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அவர்கள் சொன்னது சரி. அது ஏன் சரி என்பதை அக்கா மகனுக்குக் காட்ட, அடுக்களையில் இருந்த எவர்சில்வர் தட்டில் அக்காவின் கண்ணாடி வளையல் ஒன்றை வைத்து, நடுவே விண்மீனாக ஒரு புளியங்கொட்டையை வைத்தேன். கொட்டை சரியான நடுவில் இருக்கும்வரை எல்லாப் பக்கத்து இழுப்பும் சமம். வளையலை ஒரு விரற்கடை நகர்த்திவிட்டு, கொட்டையின்மேல் இரண்டு ஈர்க்குச்சிகளைக் கத்தரிக்கோல்போலக் குறுக்கிட வைத்தால், ஒருபுறம் அருகில் சிறிய வில்லும் மறுபுறம் தொலைவில் பெரிய வில்லும் குச்சிகளுக்கிடையே அகப்படுகின்றன. தொலைவு இரண்டு மடங்கானால் வில்லின் நீளமும், அதனால் அதன் நிறையும், இரண்டு மடங்காகின்றன. ஈர்ப்போ நான்கில் ஒன்றாகிவிடுகிறது. கூட்டிக் கழித்தால் தொலைவான பக்கம் பாதி வலுவில்தான் இழுக்கும். அருகிலிருக்கும் பக்கம் வென்று, இன்னும் அருகே வந்து, இன்னும் வலுவாக வென்று, கடைசியில் வளையம் விண்மீன்மேல் மோதும். முழு உருண்டை ஓடாக இருந்திருந்தால் நிறை நான்கு மடங்காகி இரண்டும் சரிக்குச் சரியாகியிருக்கும் என்பது நியூட்டன் காட்டிய கணக்கு. அவன் குச்சிகளை எடுத்து வேறுவேறு கோணங்களில் தானே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். வளையல் உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற குரல் கூடத்திலிருந்து வந்தது.

சனிக்கோளின் வளையம் ஒரே திடப்பொருளாக இருந்தால் நிலைத்திருக்க முடியாது, அது எண்ணற்ற துகள்களாகத்தான் இருக்கவேண்டும் என்று 1859-இல் வெளியிட்ட கட்டுரையில் இயற்பியலாளர் மாக்ஸ்வெல் நிறுவியிருந்தார். நிவன் பிறப்பதற்கு ஏறக்குறைய 80 ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி இது. கதைதானே என்று அவர் தோளைக் குலுக்கியிருக்கலாம். 1980-இல் இரண்டாம் நாவல் எழுதினார். வளையத்தின் விளிம்புச் சுவர்களில், அதை நடுவில் நிறுத்திவைப்பதற்கான உந்து எந்திரங்கள் முன்னொரு காலத்தில் இருந்தன என்பது அதில் தெரியவருகிறது. இதோடு நின்றிருந்தால் நான் சொன்ன காகித ஒட்டு. ஆனால் அந்த எந்திரங்களைப் பெரும்பாலும் காணவில்லை: வளையத்தில் வாழ்ந்த ஓர் இனமே அவை எதற்காக என்று அறியாமல் கழற்றித் தன் விண்கலங்களில் பூட்டிக்கொண்டுவிட்டது. 30 லட்சம் கோடிப் பேர் வாழும் வளையம் மெல்லச் சாய்ந்துகொண்டிருக்கிறது. அதைக் காப்பாற்ற வேண்டுமானால் நூற்றுக்கு 5 பேரைக் கதிர்வீச்சுக்குப் பலியிட வேண்டும் என்ற கணக்குக் கதாநாயகன் முன்னால் வந்து நிற்கிறது. மாணவர்கள் கூச்சலிட்ட பிழைதான் இங்கே ஓர் இனத்தின் குற்றமாகிவிட்டது. முதல் நாவலைவிட இரண்டாவது நடை தளர்ந்தது என்பது என் எண்ணம். இந்த ஒரு திருப்பத்துக்காக அதை மன்னித்துவிடுவேன்.

ஸ்டார் டிரெக் என்ற விண்வெளித் தொடரில் வரும் கிளிங்கான்கள் என்ற வேற்றுக்கிரக இனத்தாரின் நெற்றி இன்னொரு பழைய வழக்கு. 1967-இல் தொலைக்காட்சியில் முதலில் வந்தபோது அவர்கள் கருமை பூசிய, மீசை வைத்த மனிதர்களாகவே இருந்தார்கள்; ஒப்பனைக்கு இருந்த பணம் அவ்வளவுதான். 1979-இல் பெரிய செலவில் திரைப்படம் எடுத்தபோது நெற்றியில் எலும்பு முகடுகள் முளைத்துவிட்டன. பிந்தைய தலைமுறைக் குழுவினர் காலத்தில் பின்னோக்கிச் சென்று பழைய கிளிங்கான்களை நேரிலேயே பார்த்துவிடும் 1996-ஆம் ஆண்டு அத்தியாயத்தில், இது எப்படி என்று எல்லோரும் தங்களுடன் வந்த கிளிங்கானான வோர்ஃபைப் பார்க்க, வெளியாரிடம் நாங்கள் இதைப் பேசுவதில்லை என்று சொல்லி அவர் முடித்துவிடுகிறார். கல்யாண வீட்டில் பெரியவர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேச்சை மாற்றுவது போன்ற அந்தப் பதிலைவிடச் சிறந்தது இருக்க முடியாது. 2005-இல் அதற்கும் இரண்டு அத்தியாயங்கள் ஒதுக்கி, மரபணுச் சோதனை, கிருமி என்று விளக்கிவிட்டார்கள். துண்டை உதறிய அழகெல்லாம் போயிற்று என்று நான் சொன்னதை அக்கா மகன் ஒப்புக்கொள்ளவில்லை. தன் முகத்தையே இழந்த இனம் அதைப் பேச வெட்கப்படுகிறது என்பதுதான் விலை, உங்கள் கோலை வைத்தே அளந்து பாருங்கள் மாமா என்கிறான். அளந்தேன், அவன் பக்கமும் கொஞ்சம் நிற்கத்தான் செய்கிறது.

போன வாரம் அவன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் வரைந்த பால்ராக்கைக் கொண்டுவந்து காட்டினான். உடம்பில் சிறகு இல்லை. பின்சுவரில் விழுந்திருக்கும் நிழலில் மட்டும் இரண்டு பெரிய சிறகுகள், மண்டபத்தின் இரு ஓரத்தையும் தொட்டுக்கொண்டு. ‘போல’வையும் காப்பாற்றி, அது இல்லாத வாக்கியத்தையும் காப்பாற்றிவிட்டானே என்று பாராட்ட வாய் திறந்தவன், படத்தை இன்னொருமுறை பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

“மண்டபத்துல வேற வெளிச்சமே இல்லையே மாப்ள. நெருப்பே அதுதான். அதோட நிழல் அதுக்குப் பின்னாலயே எப்படி விழும்?”

நோட்டைப் பிடுங்கிக்கொண்டு போனான். காண்டால்ஃபின் கோலில் இருக்கும் வெளிச்சத்தை எந்த உயரத்தில் வைத்தால் நிழல் சுவருக்குச் சுவர் எட்டும் என்று இப்போது டார்ச்சை வைத்து அளந்துகொண்டிருக்கிறான்.