மேயோவில் பிறந்த அப்பத்தா

என் கணவரின் அப்பத்தா அயர்லாந்தில், மேயோ மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். பிழைப்புத் தேடி மான்செஸ்டருக்கு வந்து, அங்கேயே கல்யாணம் செய்து, அங்கேயே மறைந்தார். தாத்தா பாட்டியில் ஒருவர் அயர்லாந்துத் தீவில் பிறந்திருந்தால் போதும், பேரப்பிள்ளைகள் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பதிந்துகொண்டு அந்நாட்டுக் குடிமக்கள் ஆகலாம். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும் பிரெக்ஸிட் வந்த நாளிலிருந்து வீட்டில் இந்தப் பேச்சு இருந்தது. 2023இல்தான் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தோம்.

மூன்று தலைமுறைக் காகிதம் கேட்பார்கள். அப்பத்தாவின் பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்கள். மாமனாரின் பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள், அடையாள ஆவணம். அப்புறம் என் கணவருடையவை. பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் பலர் வைத்திருக்கும் சிறிய சான்றிதழில் அது இருக்காது. மாமனாரிடம் இருந்ததும் அதுதான். முழுச் சான்றிதழுக்குப் புதிதாக எழுதிப்போட்டோம்.

சிக்கல் அப்பத்தாவின் பெயரில் வந்தது. குடும்பத்தில் எல்லோருக்கும் அவர் டீலியா. திருமணச் சான்றிதழிலும் டீலியா, கல்லறையிலும் டீலியா. அயர்லாந்தில் 1864 முதல் எல்லாப் பிறப்புகளையும் அரசு பதிந்திருக்கிறது; நூறு வருடம் கடந்த பதிவுகளை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இரண்டு வாரம் இரவெல்லாம் தேடினோம். மேயோவில் அந்தக் குடும்பப் பெயரோடு டீலியா என்று ஒரு குழந்தைகூட இல்லை. கடைசியில் மாமனாரின் அத்தை மகள் ஒருவர் போனில் சொன்னார்: "டீலியான்னா பிரிட்ஜெட்தாம்மா. அந்தக் காலத்துல பிரிட்ஜெட்டை அப்படித்தான் கூப்பிடுவாங்க." பிரிட்ஜெட் என்று தேடியதும் பத்து நிமிடத்தில் கிடைத்தார். 1917, ஸ்வின்ஃபோர்டு பதிவு வட்டாரம்.

பிரிட்ஜெட்டும் டீலியாவும் ஒரே ஆள் என்று எப்படிக் காட்டுவது? அவர் ஞானஸ்நானம் பெற்ற தேவாலயத்துக்குக் கடிதம் எழுதினோம். கத்தோலிக்கர் ஒருவர் வேறு ஊரில் திருமணம் செய்தால், அந்தச் செய்தி ஞானஸ்நானம் பெற்ற பங்குக் கோயிலுக்குப் போய், பழைய பதிவின் ஓரத்தில் குறித்துவைக்கப்படும். எங்களுக்கு வந்த நகலில் பிரிட்ஜெட்டின் பெயருக்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் மான்செஸ்டர் கோயிலின் பெயர், கல்யாணத் தேதி, தாத்தாவின் பெயர். அதைப் படித்துவிட்டு மாமனார் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

விண்ணப்பத்துக்குத் தேவையே இல்லாத ஒன்றையும் நான் தேடி எடுத்தேன். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அப்பத்தாவின் பெற்றோர் நிரப்பித் தந்த படிவம். 1922இல் டப்ளின் நீதிமன்றக் கட்டடத்தில் நடந்த சண்டையில் பொது ஆவணக் காப்பகமே எரிந்து, அதற்கு முந்தைய எவ்வளவோ ஏடுகள் போய்விட்டன. 1901, 1911 கணக்கெடுப்புகள் தப்பியிருக்கின்றன. படிவத்தில் மொழி என்ற இடத்தில் 'ஐரிஷும் ஆங்கிலமும்'. பிறந்த குழந்தைகள் 6, உயிரோடு இருப்பவர்கள் 5. கீழே கையெழுத்துக்குப் பதிலாக ஒரு பெருக்கல் குறி. அப்பத்தாவின் அப்பா போட்டது. கோடு ஒன்று நீளம், ஒன்று குட்டை. மை ஒரு முனையில் ஊறிப் பரவியிருக்கிறது. பிறந்து இறந்த அந்தக் குழந்தையின் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது.

சரி, விண்ணப்பத்துக்கு வருகிறேன். கட்டணம் 278 யூரோ. படிவத்திலும் புகைப்படத்திலும் சாட்சிக் கையெழுத்து வேண்டும். சாட்சி சொந்தக்காரராக இருக்கக் கூடாது, நம்மை நேரில் அறிந்த ஆசிரியர், மருத்துவர் போன்றவராக இருக்க வேண்டும். அசல் சான்றிதழ்களைத்தான் அனுப்ப வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டு, அக்டோபரில் பதிவுத் தபாலில் டப்ளினுக்கு அனுப்பினோம்.

டிசம்பரில் நான் கர்ப்பம் என்று தெரிந்தது. அப்போதுதான் விதியைத் திரும்ப ஒருமுறை நிதானமாகப் படித்தேன். பதிவேட்டின் வழியாக வருகிறவர் பதிவான நாளிலிருந்துதான் குடிமகன். அந்த நாளுக்குப் பிறகு பிறக்கும் பிள்ளைக்கு உரிமை உண்டு, முன்னால் பிறந்த பிள்ளைக்கு இல்லை. 2019இல் பிறந்த எங்கள் மூத்தவளுக்கு இந்த வழியில் இனி இல்லை. இதை யாராவது எனக்கு 2018இல் சொல்லியிருக்கக் கூடாதா என்று அன்று இரவு அழுதேன்.

வயிற்றில் இருந்தவளுக்காவது முந்த வேண்டும். குழந்தையை எதிர்பார்ப்பவர்களின் விண்ணப்பத்தை விரைந்து பார்க்கச் சொல்லிக் கேட்கலாம் என்று தெரிந்து, பிரசவத் தேதி எழுதிய மருத்துவக் கடிதத்தை விண்ணப்ப எண்ணோடு அனுப்பினோம். ஜூன் மாதம் சான்றிதழ் வந்தது. ஆகஸ்டில் சின்னவள் பிறந்தாள். கணவர் உறையைப் பிரித்ததும் முதலில் பார்த்தது பெயரை அல்ல, பதிவுத் தேதியைத்தான்.

நாத்தனாருக்கு இப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அன்றே போன் போட்டு, மண்டபம் பார்ப்பதற்கு முன்னால் இந்த விண்ணப்பத்தைப் போடு என்று சொல்லிவிட்டேன். அப்பத்தாவின் காகிதங்கள் எல்லாம் ஒரே கோப்பில் தயாராக இருக்கின்றன. அவள் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டியதுதான் பாக்கி.