நாற்பது சொற்களுக்குள் ஒரு மின்தூக்கி

எங்கள் அடுக்குமாடியின் பி புளோக்கில் இரண்டு மின்தூக்கிகள் உண்டு. ஒன்று 2023 ஆகஸ்டில் நின்றுபோனது; மற்றொன்று நினைத்தால் ஓடியது, நினைத்தால் நின்றது. மொத்தம் பதினேழு மாடிகள். கோலாலம்பூரில் பி.பி.ஆர். எனப்படும், குறைந்த வருமானத்தினருக்கான அரசு அடுக்குமாடி வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. புகார்க் கடிதம், புகைப்படம், வீடு வீடாகச் சென்று வாங்கிய கையொப்பம் என்று எல்லாவற்றையும் செய்து பார்த்து, "ஒதுக்கீடு வந்துவிட்டது, பொறுத்திருங்கள்" என்ற ஒரே பதிலை மூன்று முறை பெற்ற பிறகுதான், குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் நான் நாடாளுமன்றத்தின் பக்கம் திரும்பினேன். அந்த ஒதுக்கீடு எவ்வளவு, எந்த ஆண்டுக்குரியது, இப்போது எங்கே இருக்கிறது என்பதை அமைச்சின் வாயாலேயே மக்களவையில் சொல்ல வைக்க வேண்டும் என்பது மட்டுமே நோக்கம். அதற்குப் பத்து மாதங்கள் பிடித்தன. அடுக்குமாடியின் பெயரையும் அலுவலகங்களின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். நாளையும் அதே முகப்புகளின் முன்னால் போய் நிற்க வேண்டியவன் நான்.

பினாங்கில் இருக்கும் என் மைத்துனர், "சட்டமன்ற உறுப்பினரைப் பார்த்தால் முடிகிற காரியத்துக்கு நாடாளுமன்றம் எதற்கு?" என்று கேட்டார். அவருக்குச் சட்டமன்றம் இருக்கிறது. கோலாலம்பூர் 1974 பிப்ரவரி 1ஆம் நாள் கூட்டரசுப் பிரதேசமாகி, மத்திய அரசின் நேரடி ஆளுகைக்குள் வந்ததிலிருந்து நமக்கு அது இல்லை. மாநகர மன்றத்துக்குத் தேர்தலும் இல்லை. ஆகவே குப்பை, வடிகால், மின்தூக்கி என எதற்குச் செலவிடப்பட்ட பணத்தைப் பற்றியும் அமைச்சரிடம் நமக்காக எழுந்து கேட்கக் கூடியவர்கள், 222 பேர் கொண்ட மக்களவையில் தலைநகரைப் பிரதிநிதிக்கும் 11 உறுப்பினர்கள்தாம்.

எங்கள் தொகுதி உறுப்பினரின் சேவை மையத்துக்கு நான் போன நாளே தவறான நாள். 2024ஆம் ஆண்டின் முதல் கூட்டம் பிப்ரவரி 26ஆம் நாள் தொடங்குகிறது என்பதை நாளிதழில் பார்த்துவிட்டு, சீனப் பெருநாள் விடுமுறை முடிந்து மையம் திறந்தவுடன், இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதே என்ற நம்பிக்கையோடு கோப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த அதிகாரி, நம் பிள்ளைதான், இருபத்தைந்து வயதிருக்கும், கோப்பைத் திறக்காமலே சொல்லிவிட்டார்: "அண்ணே, கேள்விக்கான அறிவிப்பை கூட்டம் தொடங்குவதற்குப் பத்து வேலை நாள்களுக்கு முன்னாலேயே அனுப்பிவிட வேண்டும். போன வாரத்தோடு முடிந்துவிட்டது." பத்து நாள்கள் அல்ல, பத்து வேலை நாள்கள், சனி, ஞாயிறு, பெருநாள் விடுமுறை எதுவும் அந்தக் கணக்கில் சேராது. அடுத்த கூட்டம் ஜூனில்தான். நான்கு மாதங்களை ஒரு நாள்காட்டியைச் சரியாகப் பார்க்காததால் இழந்தேன். இதை வாசிப்பவர்களில் யாராவது இந்த வழியில் இறங்குவதாக இருந்தால், நாடாளுமன்றத்தின் இணையத்தளத்தில் ஆண்டின் தொடக்கத்திலேயே வெளியாகும் கூட்ட நாள்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் முன்பாகவே சேவை மையத்தின் கதவைத் தட்டிவிடுங்கள்.

ஒரு மாதம் என்று சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஒரு கூட்டத்துக்கு ஓர் உறுப்பினர் பத்து வாய்மொழிக் கேள்விகளும் ஐந்து எழுத்துப்பூர்வக் கேள்விகளும் மட்டுமே கொடுக்க முடியும். தொகுதி முழுவதற்கும் பதினைந்து. பள்ளி, மருத்துவமனை, வெள்ளம், குடியுரிமை என்று வரிசை ஏற்கெனவே நீண்டிருக்கும்; கடைசி வாரத்தில் வருகிறவருக்கு இடம் இருக்காது.

மே மாதம் மீண்டும் போனபோது, நான் எழுதி எடுத்துச் சென்ற கேள்வியை அந்தப் பிள்ளை பென்சில் முனையால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு எண்ணியது இன்னும் என் கண்முன் நிற்கிறது. எண்பத்தேழில் நிறுத்தினார். கேள்வி நாற்பது சொற்களைத் தாண்டக் கூடாதாம். அது மட்டுமன்று, வாதம், அனுமானம், சொந்தக் கருத்து, குற்றச்சாட்டு, ஏளனம் ஆகியவை கேள்வியில் இருக்கக் கூடாது என்று மக்களவையின் நடைமுறை விதிகள் சொல்கின்றன. நான் எழுதியதிலோ இந்த ஐந்தும் இருந்தன. "அமைச்சர் ஒரு நாளாவது அரிசி மூட்டையோடு பதினான்காம் மாடிக்கு ஏறிப் பார்த்திருப்பாரா?" என்ற வரியை நான் மிகவும் ரசித்து எழுதியிருந்தேன். முதலில் அடிபட்டது அதுதான். அதன்பின் பாட்டிகளும் கர்ப்பிணிகளும் போனார்கள். ஒரு சவப்பெட்டியைப் படி வழியாக இறக்கிய நாளும் போனது. மிஞ்சியது, மலாய்மொழியில் வழக்கமாகத் தொடங்கும் "மிந்தா மெஞாத்தாக்கான்" என்ற தொடரும், அதாவது "தெரிவிக்க வேண்டுகிறேன்" என்பதும், அதைத் தொடர்ந்து மின்தூக்கிகளைப் பழுதுபார்க்க அமைச்சு எடுத்துள்ள நடவடிக்கைகள் என்ன என்பதும். முப்பத்தொரு சொற்கள். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டு வந்தேன். அந்த மகிழ்ச்சியில், தொகை, ஆண்டு என்ற இரண்டு சொற்களும் அடிபட்டுப் போனதை நான் கவனிக்கவே இல்லை.

வாய்மொழிக் கேள்வியாகவே கொடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததும் நான்தான். அமைச்சர் எழுந்து நிற்பதையும், நம் உறுப்பினர் துணைக்கேள்வியால் மடக்குவதையும் நேரில் காண ஆசை. கேள்வி நிரலில் ஏறிய நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. சங்கத் தலைவரும் நானும் விடுப்பு எடுத்துக்கொண்டு, சேவை மையத்தின் வழியாகப் பார்வையாளர் மாடத்துக்கு அனுமதி பெற்று, காலை ஒன்பது மணிக்கே ஜாலான் பார்லிமென்னுக்குப் போய்ச் சேர்ந்தோம். 1963இல் திறக்கப்பட்ட அந்தக் கோபுரத்தின் அன்னாசித் தோல் போன்ற முகப்பை அவ்வளவு அருகில் நான் பார்த்தது அதுவே முதல்முறை. தலைவர் தம்மிடமிருந்ததிலேயே நல்ல பாத்தேக் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்து வந்திருந்தார். ஆனால் அது அரைக்கைச் சட்டை. முழுக்கை பாத்தேக் அல்லது கோட்டும் டையும் வேண்டும் என்றார்கள். காவலாளியின் மீது குறையில்லை, விதி எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தலைவர் வெளியே காத்திருந்தார். நான் கைப்பேசியை ஒப்படைத்துவிட்டு மேலே போனேன்.

நிரலைக் கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் எங்கள் கேள்வியின் வரிசை எண் 34 என்று தெரிந்தது. அவை பத்து மணிக்குக் கூடுகிறது; கேள்வி நேரம் பதினொன்றரைக்கு முடிந்துவிடும். செவ்வாய்க்கிழமைகளில் முதல் அரை மணி நேரம் பிரதமரிடம் கேட்கும் கேள்விகளுக்குப் போய்விடுவதால், மற்றவர்கள் அனைவருக்கும் எஞ்சுவது ஒரு மணி நேரம். ஒவ்வொரு கேள்விக்கும் தயாரித்து வந்த நீண்ட பதில், பிறகு துணைக்கேள்விகள், நடுவில் யாராவது ஒருவர் விதியைச் சுட்டிக்காட்டி எழுவது, சபாநாயகர் அமரச் சொல்வது. பதினொன்றாவது கேள்வியோடு மணி பதினொன்றரை ஆயிற்று. எங்களுக்கு முன்னால் இன்னும் இருபத்திரண்டு பேர் நின்றிருந்தார்கள். நான் படியிறங்கி வந்தபோது தலைவர் ஒன்றும் கேட்கவில்லை. என் முகமே சொல்லியிருக்கும்.

நேரம் எட்டாமல் போன வாய்மொழிக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வந்துவிடும். எங்களுக்கும் வந்தது, அரைப் பக்கத்துக்கு. குடியிருப்பாளர்களின் நலனில் அமைச்சு எப்போதும் அக்கறை கொண்டிருக்கிறது, பழுதுபார்ப்புப் பணிகள் முன்னுரிமையின் அடிப்படையிலும் நிதி நிலைமைக்கு ஏற்பவும் கட்டங்கட்டமாக மேற்கொள்ளப்படும் என்பது அதன் சாரம். எந்த மின்தூக்கி, எந்தக் கட்டம், எந்த ஆண்டு என்று ஒரு சொல் இல்லை. முதலில் கொதித்தேன். பிறகு எங்கள் கேள்வியையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது, கேட்டதற்கு அவர்கள் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார்கள் என்பது விளங்கியது. "நடவடிக்கைகள் என்ன" என்று கேட்டால் நடவடிக்கைகளின் பட்டியல் வரும். "தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு, மீதி எங்கே" என்று கேட்டிருந்தால் ஓர் எண்ணை எழுதியாக வேண்டும். எழுதாமல் விட்டால் அந்த வெற்றிடம் எல்லோர் கண்ணிலும் படும். எழுத்துப்பூர்வக் கேள்வியாகவே கொடுத்திருந்தாலும் போதுமானதாக இருந்திருக்கும் என்று அந்தப் பிள்ளை மெதுவாகச் சொன்னார். நிரலில் முதல் பத்துக்குள் வராத வாய்மொழிக் கேள்வி என்பது, விடுப்பு எடுத்துப் போய்ப் பார்க்கும் எழுத்துப்பூர்வக் கேள்விதான்.

வேறு கதவுகளையும் விசாரித்தேன். மக்களவைக்கு இணையாகக் கூடி உறுப்பினர்கள் பேச இடம் தரும், 2016 முதல் செயல்படும் சிறப்பு அறை, அதாவது கமார் காஸ், தொகுதிப் பிரச்சினைகளுக்கு ஏற்றது. ஆனால் எங்கள் உறுப்பினர் அந்த வாய்ப்பை ஒரு வெள்ளத் தடுப்பு விவகாரத்துக்குக் கேட்டிருந்தார், அதில் நான் குறுக்கிட விரும்பவில்லை. தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கையும் பொதுக் கணக்குக் குழுவும் கோடிக்கணக்கான ரிங்கிட்டை விசாரிப்பவை. ஒரு புளோக்கின் மின்தூக்கி அந்த உயரத்துக்கு எட்டாது.

மிஞ்சியது வரவு செலவுத் திட்டக் கூட்டம். 2024 அக்டோபர் 18இல் 2025ஆம் ஆண்டுக்கான 421 பில்லியன் ரிங்கிட் திட்டம் தாக்கலானது. அதில் 335 பில்லியன் நிர்வாகச் செலவுக்கும் 86 பில்லியன் மேம்பாட்டுக்கும். கொள்கை அளவிலான விவாதம் முடிந்தபின், செயற்குழு நிலையில் ஒவ்வோர் அமைச்சின் ஒதுக்கீட்டையும் தலைப்பு வாரியாக எடுத்துக்கொள்வார்கள். அப்போது உறுப்பினர் எழுந்து, இன்ன தலைப்பு, இன்ன உருப்படி என்று எண்ணைச் சொல்லிக் கேட்டால், அந்த உருப்படிக்கு அமைச்சு பொறுப்பேற்க வேண்டும். பொதுவாகப் பேசினால் பொதுவான பதில். எண்ணைச் சொல்லிப் பேசினால் கோப்பைப் புரட்ட வேண்டும்.

அந்த எண்ணைக் கண்டுபிடிப்பது என் வேலை. நிதியமைச்சின் இணையத்தளத்தில் கூட்டரசுச் செலவின மதிப்பீட்டு நூல் கிடைக்கிறது. யார் வேண்டுமானாலும் பதிவிறக்கம் செய்யலாம். தீபாவளிக்கு முந்திய வாரம் முழுவதும், வீட்டில் முறுக்கு பிழிந்துகொண்டிருக்க, நான் பி எழுத்தில் தொடங்கும் தலைப்புகளையே திரும்பத் திரும்பப் பார்த்து ஒன்றும் கிடைக்காமல் சோர்ந்தேன். மலாயில் 'பெக்காலான்' என்பதன் முதலெழுத்தான அந்த பி நிர்வாகச் செலவுக்கு உரியது. மேம்பாட்டுச் செலவு, 'பெம்பாங்குனான்' என்பதன் முதலெழுத்தான இன்னொரு 'பீ'யில் இருக்கிறது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். நூலிலோ முதலாவது ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்து, மற்றது பதினாறாம் எழுத்து. மின்தூக்கியை மாற்றுவது மேம்பாட்டுச் செலவு. பக்கத்தைத் திருப்பிய பத்தாவது நிமிடத்தில் உருப்படி அகப்பட்டது. கணக்காளனாக இருபது ஆண்டு வேலை பார்த்த எனக்கே இந்தக் கதி.

உறுப்பினருக்குப் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். அவற்றில் நமக்குச் சேர்வது அரை நிமிடம். எனவே நீண்ட மனுவைத் தவிர்த்து, கையகலத் தாளில் பெரிய எழுத்தில் தலைப்பு எண், உருப்படி எண், அதன்பின் மூன்றே கேள்விகள் எழுதிக் கொடுத்தோம்: 2023இல் எங்கள் அடுக்குமாடிக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, அதில் செலவானது எவ்வளவு, 2025இல் எந்த மாதம் வேலை தொடங்கும். மலாயில், நம் பெயர் எதுவும் இல்லாமல், அடைமொழி இல்லாமல்.

அவர் அதை அப்படியே வாசித்தார். துணையமைச்சர் விவாதத்தை முடித்துவைத்துப் பேசியபோது நான் வேலை முடிந்து வந்து, மற்றொரு மின்தூக்கியும் நின்றுவிட்டிருந்ததால், ஒன்பதாம் மாடிப் படியில் உட்கார்ந்து கைப்பேசியில் நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொகையைச் சொன்னார். குத்தகையாளரை நியமிக்கும் வேலை ஆண்டிறுதிக்குள் முடியாததால் அதில் ஒரு காசுகூடச் செலவாகவில்லை என்றும், ஆண்டு முடிந்ததும் அந்த ஒதுக்கீடு காலாவதியாகிவிட்டது என்றும் சொன்னார். 2025இன் முதல் பாதியில் வேலை தொடங்கும் என்றார். ஆக, எங்களுக்கு மூன்று முறை சொல்லப்பட்ட "ஒதுக்கீடு வந்துவிட்டது" என்பது பொய்யில்லை. வந்தது போய்விட்டது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. மேல்படியில் பால் பைகளோடு இளைப்பாறிக்கொண்டிருந்த பதினான்காம் மாடி அம்மா, "என்னய்யா, சிரிக்கிறியா அழுறியா?" என்று கேட்டார்.

அவை நடவடிக்கைக் குறிப்பான ஹன்சார்ட் நாடாளுமன்ற இணையத்தளத்தில் வெளியானதும், அந்தப் பக்கத்தை அச்செடுத்து, பழுதான மின்தூக்கியின் கதவிலேயே ஒட்டினேன். ஒரு படியைக் கடிதத்தோடு இணைத்து, கூட்ட நாளையும் பக்க எண்ணையும் முதல் வரியிலேயே குறிப்பிட்டு, பராமரிப்பு அலுவலகத்துக்கு அனுப்பினேன். அதுவரை என் கடிதங்களுக்குக் குறைந்தது ஆறு வாரம் எடுத்துக்கொண்டவர்கள், ஒன்பதாம் நாள் தொலைபேசியில் அழைத்தார்கள்.

2025 மே மாதம் தொழிலாளர்கள் வந்தார்கள். புதிய மின்தூக்கி ஓடத் தொடங்கிய வாரத்திலேயே பழையது நிரந்தரமாக நின்றது. சேவை மையத்துக்கு மீண்டும் போனேன். இந்த முறை அறிவிப்புக்கான கடைசி நாளுக்கு மூன்று வாரம் இருந்தது. எழுத்துப்பூர்வக் கேள்வி என்று நானே முதலில் சொன்னேன். அந்தப் பிள்ளை பென்சிலை எடுத்து எண்ணி முடித்துவிட்டு, "முப்பத்தெட்டு, அண்ணே" என்றார்.