ஆடி மாதத்தில் வீடு தேடுகிறோம்: சேலம் நாட்குறிப்பு

ஜூலை 20, 2025, ஞாயிறு

அடுத்த மாதத்திலிருந்து சென்னை வீட்டு வாடகை 26 ஆயிரம் என்று சொல்லிவிட்டார்கள். என்னுடைய வங்கி ஓய்வூதியம், என் கணவருடைய சேமிப்பில் வரும் வட்டி, இவ்வளவுதான் எங்கள் வருமானம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். இப்போதுள்ள 8.2 சதவீதத்துக்கு முழுத் தொகையும் போட்டவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். நாங்கள் போட்டிருப்பது அதில் பாதி. மாதக் கணக்கில் பார்த்தால் அது வாடகையில் பாதிக்குக்கூடக் காணாது.

கோவையில் வாடகை எங்களுக்குக் கட்டாது. சேலம் என்றால் வந்தே பாரத்தில் சென்னையிலிருந்து 4 மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். மகள் இருக்கும் பெங்களூரும் பக்கம்தான்.

எங்கள் இருவரின் சொந்த ஊரையும் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை. 1988இல் சாதி பார்க்காமல், ஐயர் இல்லாமல், மாலை மட்டும் மாற்றிக்கொண்டு கல்யாணம் செய்தவர்கள் நாங்கள். சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று அண்ணா அரசு 1967இல் சட்டத்தைத் திருத்தி இருபது வருடம் ஆகியிருந்தது அப்போது. சட்டம் ஏற்றுக்கொண்டதை எங்கள் தெருக்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. அதனால் குடிபோகிற ஊரிடம் நாங்கள் கேட்பது இரண்டுதான். கையில் இருக்கிற காசுக்குள் வாழ வேண்டும். யாரென்று ஒளிக்காமல் வாழ வேண்டும்.

ஜூலை 21, திங்கள்

"ஆடியில யாருங்க வீடு மாத்துவாங்க? ஆவணி பொறக்கட்டும், நிறைய காலியாகும்" என்றார் புரோக்கர். எங்களுக்கு ஆடியும் ஒன்றுதான் ஆவணியும் ஒன்றுதான் என்று இவர் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு குழப்பம். ஆனாலும் நல்ல மனிதர். வெயிலில் எங்களோடு அலைந்தார்.

அழகாபுரத்தில் ஒரு மாடி வீடு. இரண்டு படுக்கையறை, 11 ஆயிரம் வாடகை. காற்று நன்றாக வருகிறது. மேட்டூர்த் தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறை, மற்றதுக்குப் போர்த் தண்ணீர். எல்லாம் பிடித்திருந்தது. வீட்டுக்காரர் மோர் கொடுத்து உபசரித்துவிட்டுக் கேட்டார்: "சொந்த ஊரு எதுங்க? குலதெய்வம் எந்தக் கோயிலு?"

இதைப் பக்தியில் கேட்பதாக யாரும் நினைக்க வேண்டாம். ஊரும் குலதெய்வமும் தெரிந்தால் மீதியை அவரே கணக்குப் போட்டுக்கொள்வார். எங்களுக்குக் குலதெய்வம் கிடையாது, கலப்பு மணம் என்று சொன்னேன். முகம் மாறவில்லை, மரியாதை குறையவில்லை. ராத்திரி புரோக்கர் போனில், "அவங்க சொந்தக்காரங்களுக்கே கொடுக்கப் போறாங்களாம்."

37 வருடமாக இந்தப் பதிலைக் கேட்கிறோம். இன்றைக்கும் சோறு இறங்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

இவருக்கு நேற்றைய கோபம் தணியவில்லை. நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது இந்த ஊரில், 1944 ஆகஸ்ட் 27ஆம் தேதி நடந்த மாநாட்டில். ஆங்கிலேய அரசு கொடுத்த ராவ் பகதூர், திவான் பகதூர் பட்டங்களைத் துறக்க வேண்டும் என்று அண்ணா பெயரில் தீர்மானம் போட்டதும் அங்கேதான். "அந்த ஊர்லயா இந்தக் கேள்வி?" என்கிறார். நான் அப்படிப் பார்க்கவில்லை. இந்தக் கேள்வி கேட்கப்பட்டதால்தானே அந்த மாநாடு தேவைப்பட்டது.

நண்பர்கள் அரசியல் ஒத்துவருமா என்று கேட்கும்போது ஓட்டுக் கணக்கைத்தான் கேட்கிறார்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் 10 அ.தி.மு.க. கூட்டணிக்குப் போனது. 2024இல் சேலம் நாடாளுமன்றத் தொகுதியைத் தி.மு.க. எடுத்தது. ஓட்டு இப்படி மாறி மாறிப் போகும். இரண்டில் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிற வீட்டுக்காரரும் குலதெய்வத்தைக் கேட்கத்தான் செய்வார். எனக்குத் தெரிய வேண்டியது, அந்தத் தெருவில் அதைக் கேட்காத ஒரு வீடாவது இருக்கிறதா என்பது.

ஜூலை 24, வியாழன்

இவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. அதனால் ஆஸ்பத்திரிதான் முதலில். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தோம். கூட்டம் அதிகம், ஆனால் இதயப் பிரிவு எங்கே என்று கேட்ட எல்லாரும் நின்று வழி சொன்னார்கள்.

அந்தப் பெயரைப் பார்த்து எனக்குள் ஒரு தெம்பு. மோகனின் அப்பா ப. சுப்பராயன் கொங்கு வேளாளர் ஜமீன்தார், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். அம்மா ராதாபாய் மங்களூரின் சமூக சீர்திருத்தவாதி குட்முல் ரங்கா ராவின் மகள், சாரஸ்வத் பிராமணக் குடும்பம். நூறு வருடத்துக்கு முன்பே சாதி தாண்டிச் சேர்ந்த இருவரின் பிள்ளை பெயரில்தான் இந்த மாவட்டமே வைத்தியம் பார்த்துக்கொள்கிறது. அடுத்து வீடு பார்க்கப் போகும்போது அந்த வீட்டுக்காரரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று குறித்துவைத்தேன்.

திரும்பும்போது அஸ்தம்பட்டியில் மத்திய சிறையைத் தாண்டினோம். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தார்கள். எங்கள் தொழிற்சங்கத்தில் மூத்தவர்கள் அந்த நாளை மறந்ததே இல்லை. ஆட்டோவை ஓரமாக நிறுத்தச் சொல்லி இரண்டு பேரும் இறங்கி நின்றோம்.

ஜூலை 25, வெள்ளி

ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினதும் சேலத்து வெக்கை எங்கே போனதென்று தெரியவில்லை. 1,500 மீட்டர் உயரம். காப்பிச் செடியில் பச்சைக் காய்கள், சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி. இவர் ஒரு சின்ன வீட்டின் திண்ணையில் உட்கார்ந்து, இங்கேயே இருந்துவிடலாம் என்றார். எனக்கும் ஆசைதான்.

ஆனால் மழை கொட்டினால்? 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு இந்த மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. குப்பனூர் வழி இருக்கிறது, அதுவும் மலைப்பாதைதான். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் இறங்கவேண்டியது இதே வளைவுகளில்.

மனை விற்கும் ஒருவர் விடாமல் கூடவே வந்தார். வீடு கட்ட மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி வேண்டுமே என்று கேட்டால், "அதெல்லாம் பாத்துக்கலாம்மா" என்கிறார். சேர்வராயன் மலை, மலையாளி என்னும் பழங்குடி மக்களின் மலை. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கிய சட்டமன்றத் தொகுதிகள் இரண்டே இரண்டு, ஒன்று ஏற்காடு. ஓய்வுக்காலக் குடில் என்று கீழிருந்து வருகிறவர்கள் வேலி போட்டுக்கொண்டே போனால் அவர்கள் எங்கே போவார்கள்? ஓய்வுபெற்றதும் இந்தக் கேள்வி எங்களை விட்டுவிடாது. மலையில் மனை வாங்குவதில்லை என்று பேருந்திலேயே முடிவு செய்தோம். வெயில் காலத்தில் வந்து ஒரு வாரம் தங்கலாம், அது போதும்.

ஜூலை 28, திங்கள்

கோட்டை மைதானத்துப் பக்கம் ஓர் ஆர்ப்பாட்டம். ஓய்வூதியர்கள். தெரியாத ஊரில் தெரிந்த முழக்கம். பக்கத்தில் நின்ற அம்மாவிடம் வீடு தேடுகிற கதையைச் சொன்னேன். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவராம். "எங்க தெருவுல ஒரு வீடு இருக்கு, வந்து பாருங்க" என்று முகவரி எழுதிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கன்னங்குறிச்சி. மூக்கனேரிக்கு நடந்து போகிற தூரம். ஊர்க்காரர்களே சேர்ந்து தூர்வாரி, நடுவில் மண்திட்டுப் போட்டு மரம் வைத்த ஏரி அது. ஓர் ஊர் எப்படிப்பட்டது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

கீழ்வீடு, 9,500 வாடகை. முன்பணம் மூன்று மாத வாடகை. வாடகைச் சட்டம் சொல்வதும் அதுதான். ஆனால் சென்னையில் எங்களிடம் பத்து மாதம் வாங்கினார்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று வீட்டுக்கார அம்மாவே சொன்னார். எங்கே வேலை பார்த்தீர்கள், பிள்ளைகள் எத்தனை, அவருக்கு மாடி ஏற முடியுமா என்றெல்லாம் கேட்டார். சொந்த ஊர் எதென்று கேட்கவில்லை. கறி சமைப்போம் என்று நானே சொன்னேன். "ஞாயித்துக்கெழம எங்க வீட்டுலயும் அதானுங்க."

எங்கள் கல்யாணக் கதையையும் சொன்னேன். "என் தங்கச்சி பொண்ணும் அப்படித்தான் பண்ணிக்கிச்சு. மொதல்ல அழுதோம். இப்ப அந்த மருமகன்தான் எங்கள எல்லாம் பாத்துக்கறாப்ல."

அப்புறம் ஆடிப் பேச்சு வந்தது. பத்தாம் தேதியே குடிவருகிறோம் என்றார் இவர். அம்மா கொஞ்சம் யோசித்தார். "உங்களுக்கு நம்பிக்கை இல்லன்னா வாங்க, நான் தடுக்க மாட்டேன். எனக்காக ஒண்ணே ஒண்ணு, முதல் நாள் பால் மட்டும் காய்ச்சிடுங்க."

இவர் என்னைப் பார்த்தார். நான் சரி என்றேன். எப்படியும் டீ போடத்தான் போகிறோம், சாமான் இறக்குகிற பசங்களுக்கும் சேர்த்து. அம்மாவையும் அந்த நர்ஸம்மாவையும் கூப்பிட்டிருக்கிறேன். நாளைக்குச் சென்னை போய்ப் புத்தகங்களைக் கட்ட வேண்டும். பெட்டிகளுக்குச் சொல்லியாகிவிட்டது. லாரிக்காரர்தான் ஆடியில் சவாரி இல்லை என்று வாடகையைக் குறைத்துக்கொள்வதாகச் சொல்கிறார்.