என்னிடம் மட்டும் கேட்டார்

"என்னப்பா, கர்ணன் விஷயத்துல நீ என்ன நினைக்கிறே?" என்றார் சீனியர். சேம்பரில் ஜூனியர்கள் நாலு பேர் இருந்தோம், கேட்டது என்னிடம் மட்டும். மற்றவர்கள் கேஸ் கட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

2017 மே 9. பதவியில் இருக்கும் ஒரு உயர் நீதிமன்ற நீதிபதியான கர்ணனுக்கு உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அவமதிப்பு வழக்கில் ஆறு மாதச் சிறை விதித்த நாள். கர்ணனைப் போலவே தலித்தான வியாசர்பாடிக்காரன் என்பதால் என்னைக் கேட்டாரா, நான் எப்போதும் வாயாடுபவன் என்பதால் கேட்டாரா, இன்றுவரை தெரியவில்லை. இரண்டாவதாகவே இருக்கலாம், நல்ல மனுஷன்தான்.

நான் சொன்னது இது: "தண்டனை தவிர்க்க முடியாதது சார். ஆனா அவர் சொல்றதை பேப்பர்ல போடக்கூடாதுன்னு உத்தரவு போட்டது சரியில்ல." "கரெக்ட்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டைப் பிரித்தார்.

அந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை. 2016-ல் கொல்கத்தாவுக்கு மாற்றியபோது தன் மாறுதலுக்குத் தானே தடை போட்டவர் அவர். தண்டனைக்கு முதல் நாள், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி கேஹர் உட்பட எட்டு நீதிபதிகளுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் ஐந்து வருஷம் கடுங்காவல் எழுதினார். தன் வழக்கில் தானே தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது சட்டக் கல்லூரி பால பாடம், இதற்கு யார் வக்காலத்து போட முடியும்? சரி, அவமதிப்பு வழக்கில் மட்டும் என்ன, அவர் குற்றம்சாட்டியதும் நீதித்துறையைத்தான், தீர்ப்புச் சொல்வதும் நீதித்துறைதானே? இதை நான் அன்று சொல்லவில்லை. அவரை மனநலப் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்ன மே 1 உத்தரவைப் பற்றியும் வாய் திறக்கவில்லை.

அன்று ராத்திரி தெரு முனையில் பெரியப்பா பிடித்துக்கொண்டார். "நம்மாள உள்ள போட்டாங்களாமே, நீ கோட்டு மாட்டிகினு அங்க இன்னாத்த பண்ற?" சக நீதிபதி ஒருவர் வேண்டுமென்றே ஷூ காலைத் தன்மேல் பட வைத்தார் என்று 2011-ல் தாழ்த்தப்பட்டோர் ஆணையத்துக்கு கர்ணன் புகார் கொடுத்ததையும், சாதி பற்றிப் பேசுகிறவனைப் பைத்தியமா என்று சோதிக்கச் சொல்கிறார்கள் என்பதையும் அங்கே ஆவேசமாகச் சொன்னேன். மாறுதலுக்குத் தானே தடை போட்ட கதை அந்தத் தெருவில் என் வாயில் வரவே இல்லை.

கேட்பவரைப் பார்த்துத்தான் எந்த வக்கீலும் வாதம் வைப்பான், அதில் தப்பில்லை என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டேன். மாசா மாசம் சீனியர் கொடுக்கிற காசில் வீட்டு வாடகை போகிறது, அதுவும் ஒரு காரணம். ஆனால் பெரியப்பாவிடம் எனக்கு என்ன பயம்? அங்கேயும் பாதியைத்தானே சொன்னேன்?

இதில் இன்னொன்று. சென்னை உயர் நீதிமன்றத்துக்கு 1973-லேயே நீதிபதியாகி, 1980-ல் உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதியான வரதராசன் பெயர் எங்கள் தெருவில் பத்துப் பேருக்குத் தெரிந்தால் ஆச்சரியம். கர்ணன் பெயர் பிள்ளைகளுக்கும் தெரியும். இதற்கு கர்ணனைக் குறை சொல்வதா, எங்களையா, பேப்பர்காரர்களையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

2020 டிசம்பரில் மறுபடி கைதானார். நீதிபதிகளின் மனைவிமார் பற்றியெல்லாம் ஆபாசமாகப் பேசிய வீடியோ. அதற்குள் நான் தனியாகப் பிராக்டீஸ் ஆரம்பித்திருந்தேன். கோர்ட்டிலும் தெருவிலும் ஒரே பதில்தான் சொன்னேன்: குற்றம், உள்ளே போக வேண்டியதுதான். பெரியப்பாவே ஒத்துக்கொண்டார், "பொம்பளைங்கள அப்படிப் பேசலாமா" என்றார். அப்புறம், "அப்போ அந்த ஷூ விசயம் இன்னா ஆச்சு?" என்றும் கேட்டார்.

சீனியர் அன்று இதைக் கேட்டிருந்தால் பேசியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.