கேரவன் வாடகைக்கு எடுக்கிறீர்களா? 'உங்கள் கார் இழுக்கும்' என்ற பேச்சை நம்பாதீர்கள்

பள்ளி விடுமுறையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து கல்பாரி என்ற கடலோர ஊர் வரை கேரவனில், அதாவது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் தங்கும் வண்டியில், போய் வந்தோம். பயணம் அருமை. ஆனால் புறப்படும் முன் வாடகை முகப்பில் நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

கார், பெர்த்தில் வசிக்கும் என் மைத்துனருடையது. கேரவனை மட்டும் சிங்கப்பூரிலிருந்தே பதிவு செய்தோம். கார் 2,000 கிலோ வரை இழுக்கும், கேரவனின் எடை எவ்வளவு என்று எழுதிக் கேட்டேன். "1,480 கிலோ, தாராளமாகப் போதும்" என்று பதில் வந்தது. அதை நம்பித்தான் முன்பணம் கட்டினேன்.

நேரில் போய் கேரவனில் பொருத்தியிருந்த எடைத் தகட்டைப் பார்த்தேன். 1,480 என்பது காலி வண்டியின் எடை. சாமான் ஏற்றியபின் இருக்கக்கூடிய உச்ச எடை, அங்கே ஏடிஎம் என்கிறார்கள், 1,850. நம் ஊர் லாரிகளின் பக்கவாட்டில் வெற்று எடையும் உச்ச எடையும் தனித்தனியாக எழுதியிருக்குமே, அதே இரண்டு எண்கள்தான். நான் கேட்டதற்கு உச்ச எடையைச் சொல்லாமல் வெற்று எடையைச் சொல்லியிருக்கிறார்கள்.

"1,850 என்றாலும் 2,000க்குள்தானே?" என்றார் முகப்பில் இருந்தவர். அதற்குள் மைத்துனர் காரின் கையேட்டைப் புரட்டியிருந்தார். "அத்தான், இந்த வரியைப் பாருங்கள்" என்று காட்டினார். காரின் பின்னால் கேரவனை மாட்டும் குமிழின்மேல் 150 கிலோவுக்கு மேல் இறங்கக் கூடாது. ஆஸ்திரேலியாவில் கேரவன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அந்தக் குமிழில் இறங்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 1,850 கிலோவுக்கு 185 ஆகிறது.

"கனமான சாமான்களைக் கேரவனின் பின்பக்கம் வைத்துவிடுங்கள், முன்பக்கம் லேசாகிவிடும்" என்று முகப்பில் இருந்தவர் சொன்னதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பின்பக்கம் கனத்தால் நெடுஞ்சாலையில் கேரவன் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும், காரையே புரட்டிவிடும். கனமானவை சக்கர அச்சுக்கு அருகில், தரைமட்டத்தில்தான் இருக்க வேண்டும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவரிடம் சொல்கிற யோசனையா இது?

வண்டியை எடுக்க மறுத்துத் திரும்பினோம். அன்றைய பயணம் வீண். மறுநாள் மேலாளரிடம் அவர்களுடைய மின்னஞ்சலையே காட்டினேன். முன்பணம் குறையாமல், உச்ச எடை 1,450 கிலோ உள்ள சிறிய கேரவன் கிடைத்தது.

அத்துடன் விடவில்லை. சாமான் எல்லாம் ஏற்றியபின் பொது எடைமேடைக்குப் போனோம். கழற்றி நிறுத்திய கேரவன் 1,390 கிலோ. காரில் மாட்டிவிட்டு அதன் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தியபோது 1,255. வித்தியாசமான 135 கிலோதான் குமிழில் இறங்கும் எடை. அந்தச் சீட்டைக் கையில் வாங்கிய பிறகுதான் என் மனைவிக்கு முகம் தெளிந்தது.

தண்ணீரை மறக்காதீர்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. 80 லிட்டர் தொட்டியை நிரப்பினால் ஓர் ஆள் கூடுதலாக ஏறியதற்குச் சமம். குமிழில் இறங்கும் எடை காரின் சுமையிலும் சேரும் என்பதால், ஆட்கள், பெட்டிகளோடு அதையும் கூட்டிக் காரின் உச்ச எடைக்குள் வருகிறதா என்று பாருங்கள். காரும் கேரவனும் சேர்ந்த மொத்தத்துக்குக் கையேட்டில் இன்னொரு வரம்பு உண்டு. 750 கிலோவைத் தாண்டிய கேரவனுக்குச் சொந்த பிரேக் கட்டாயம். மின்சார பிரேக் என்றால் அதை இயக்கும் கருவி காரில் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் கேரவனை இழுத்துச் செல்லும்போது மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. வண்டி ஆடினால் காரின் பிரேக்கை அழுத்தி மிதிக்காமல், வேகமிதியிலிருந்து காலை எடுத்து, கேரவனின் பிரேக்கை மட்டும் காரில் உள்ள அந்தக் கருவி வழியாகக் கையால் மெல்ல இயக்குங்கள்.

பணம் கட்டும் முன்பே கேரவனின் எடைத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். காரின் பின்னால் அந்தக் குமிழைத் தாங்கும் இரும்புச் சட்டத்திலும் ஒரு தகடு இருக்கும். அதில் உள்ள எண் கையேட்டில் உள்ளதைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் குறைந்த எண்தான் செல்லும்.