பழைய லாரா ஆர்எஸ் வாங்குவதற்கு முன் எஞ்சினில் நான் பார்த்தவை

ஸ்கோடா லாரா ஆர்எஸ் 2011-இல் இந்தியாவுக்கு வந்தபோது, ஐரோப்பாவில் அந்தக் காருக்குக் கிடைத்த 2.0 டிஎஸ்ஐ (டர்போ பொருத்திய, பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும்) எஞ்சினுக்குப் பதிலாக, 160 குதிரைத்திறனும் 250 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தரும் 1.8 டிஎஸ்ஐ எஞ்சினைத்தான் இங்கே பொருத்தினார்கள். ஆறு கியர் மேனுவலும் இறுக்கமான சஸ்பென்ஷனும் சேர்ந்த அந்தக் காரை நெடுநாளாக மனத்தில் வைத்திருந்தேன். ஆனால் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் இஏ888 எஞ்சின் குடும்பத்தில் இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்த இந்த எஞ்சினுக்கு உலகெங்கும் அறியப்பட்ட சில பலவீனங்கள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்ட பிறகே கார் தேடத் தொடங்கினேன்.

அவற்றுள் முதன்மையானது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டுகளைச் சுழற்றும் டைமிங் செயினின் டென்ஷனர். எஞ்சின் ஓடும்போது ஆயில் அழுத்தத்தால் செயினை இறுக்கிப் பிடிக்கும் இந்தப் பாகம், எஞ்சின் நின்ற பிறகு ஒரு பல்பூட்டின் பிடிப்பில்தான் தன் நிலையைக் காக்க வேண்டும். ஆரம்பகால வடிவத்தில் அந்தப் பூட்டு நழுவிவிடக்கூடும். அப்போது செயின் தளர்ந்து, அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும் கணத்தில் பற்சக்கரத்தில் பல் தாண்டிவிடும். வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் அமைப்புள்ள எஞ்சின் என்பதால், அப்படி நேர்ந்தால் சிலிண்டர் ஹெட்டே செலவாகிவிடும். பின்னாளில் திருத்தப்பட்ட டென்ஷனர் வந்துவிட்டது. ஆகவே வாங்குபவருக்கு முக்கியமான கேள்வி, கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதல்ல, உள்ளே இருப்பது பழைய டென்ஷனரா, புதியதா என்பதே.

கோயம்புத்தூரில் பார்த்த முதல் காரின் பானெட்டைத் திறந்ததும், ஆயில் மூடியின் மேல் கையை வைத்துப் பார்த்தேன், சூடாக இருந்தது. நான் வருவதற்கு முன்பே எஞ்சினை ஓட்டி வைத்திருந்தார்கள். செயின் தளர்வைக் காட்டும் கடகடப்பு, இரவு முழுவதும் நின்ற எஞ்சினைக் காலையில் ஸ்டார்ட் செய்யும் முதல் ஓரிரு நொடிகளில்தான் கேட்கும். சூடான எஞ்சின் அதைப் பற்றி எதுவும் சொல்லாது. மறுநாள் விடியற்காலையில் வருகிறேன் என்றதற்கு விற்பவர் இசையாததால் அந்தக் காரை விட்டுவிட்டேன். நல்ல கார்தானோ என்ற எண்ணம் இன்றும் எழுவதுண்டு. ஆனாலும் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து கேட்காத ஒரு டிஎஸ்ஐ-க்கு முன்பணம் கொடுக்க எனக்குத் துணிவில்லை.

அடுத்து பெங்களூருவில் கிடைத்த காரின் உரிமையாளர் பொறுமைசாலி. காலையில் குளிர்ந்த எஞ்சினை என் முன்னாலேயே ஸ்டார்ட் செய்தார், கடகடப்பு இல்லை. பிறகு அவருடைய மெக்கானிக்கின் பட்டறையில் காரை லிஃப்டில் ஏற்றி, டைமிங் கவரின் கீழ்ப்பகுதியில் இருக்கும் சிறிய ரப்பர் அடைப்பானைக் கழற்றினோம். அந்தத் துளை வழியாகக் கைப்பேசியோடு இணைத்த வயர் கேமராவை நுழைத்தால் டென்ஷனரின் தண்டும் அதில் வெட்டியிருக்கும் பற்களும் தெரியும். செயின் நீள நீள, அதைத் தொடர்ந்து பிடிப்பதற்காகத் தண்டு வெளியே வரும். எனவே வெளியே தெரியும் பற்கள் கூடினால் செயின் தேய்ந்திருக்கிறது என்று பொருள். எங்கள் திரையில் தெரிந்தது பழைய வடிவ டென்ஷனர், ஆனால் பற்கள் சிலவே வெளியே வந்திருந்தன. எஞ்சின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில், செயின் நீண்டால் கூடும் கேம்ஷாஃப்டின் நிலை விலகலும் பூஜ்யத்துக்கு அருகிலேயே இருந்தது. செயின், டென்ஷனர், செயினை வழிநடத்தும் கைடுகள் அனைத்தையும் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ள அவர் சம்மதித்ததும் காரை வாங்கினேன். கழித்த தொகையை அதற்கே செலவிட்டு, வீட்டுக்கு வந்த கையோடு அந்த வேலையை முடித்துவிட்டேன்.

இரண்டாவது பலவீனம் ஆயில் குடிப்பது. இந்தத் தலைமுறையில் ஆயிலை வழித்துவிடும் பிஸ்டன் ரிங்குகள் மெல்லியவை. ஆயில் திரும்பி வடியும் துளைகள் கரியால் அடைபட்டால் ஆயில் எரியத் தொடங்கும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை இயல்பு என்று தயாரிப்பாளரின் கையேடே சொல்கிறது. என் கணக்கில் அது தாராளமான எல்லை. ஒரு முறை ஓட்டிப் பார்ப்பதில் இது பிடிபடாது. அதனால் சர்வீஸ் பில்களில் இடையிடையே ஆயில் வாங்கிய வரிகளைத் தேடினேன். சைலன்சர் முனையில் விரலை வைத்து, கரி உலர்ந்திருக்கிறதா, பிசுபிசுக்கிறதா என்றும் பார்த்தேன். உலர்ந்த கரிதான் ஒட்டியது. இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை மீண்டும் இன்டேக்குக்கு அனுப்பும் பிசிவி வால்வு. அதன் ரப்பர் சவ்வு கிழிந்தால் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) ஊளையிடும் சத்தம் வரும், ஆயில் செலவும் கூடும். என் காரில் சத்தம் இல்லை என்றாலும் விலை அதிகமில்லாத பாகம் என்பதால் மாற்றிவிட்டேன்.

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் பக்கம் சுருக்கமாகச் சொல்லலாம்: வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் இருக்கும் பிளாஸ்டிக் கூடு நாளடைவில் விரிசல் விடும்; காய்ந்த இளஞ்சிவப்புப் படிவு அங்கே இருந்தால் கசிவு உண்டு.

இந்த மாதம் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பகிர்ந்தளிக்கும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினோம். பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் இன்டேக் வால்வுகளைக் கழுவிவிட எதுவும் இல்லை. வால்வுத் தண்டைச் சுற்றிக் கரி தார்போல் கெட்டியாகப் பிடித்திருந்தது. வால்வுகள் மூடிய நிலையில் இருக்கும்படி சிலிண்டர் சிலிண்டராக எஞ்சினைத் திருப்பி வைத்து, கரைப்பான் ஊற்றி ஊறவிட்டு, நைலான் பிரஷால் சுரண்டி, அழுக்கை உறிஞ்சி எடுத்தோம். குளிர் ஐடில் இப்போது சீராக இருக்கிறது. ஃபோக்ஸ்வாகனின் 502 00 தரச்சான்று பெற்ற புது ஆயில் ஊற்றி, டிப்ஸ்டிக்கின் மேல் குறியிலிருந்து ஆயில் அளவைக் குறித்து வருகிறேன். ஆயிரம் கிலோமீட்டர் முடிந்ததும் எவ்வளவு இறங்கியது என்பதை எழுதுகிறேன்.