ஐந்து தடவை எழும்பி இருங்கோ, அம்மா

அம்மாவுக்கு 71 வயது. பெருங்குடலில் புற்றுநோய், வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சத்திரசிகிச்சைக்கு முந்தின கிளினிக்கில் சீனி, பிரஷர், இதயம் பற்றித்தான் கேட்பார்கள் என்று ரிப்போர்ட்டுகளை அடுக்கிக்கொண்டு போனேன். டொக்டர் அதையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு, "அம்மா, ரெண்டு கையையும் நெஞ்சில கட்டிக்கொண்டு, ஐந்து தடவை எழும்பி இருங்கோ" என்றார்.

மூன்றாவது தடவையில் அம்மாவின் கை தானாக அவிழ்ந்து கதிரையின் பிடியைத் தேடியது. அப்புறம் ஒரு கருவியைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். 14 கிலோ. ஆசியப் பெண்களுக்கு 18க்குக் கீழே என்றால் வலு குறைவு.

எனக்கு ஏற்க முடியவில்லை. அம்மா 60 கிலோ, பார்க்க நல்ல உடம்பு. டொக்டர் சிடி ஸ்கானைத் திரையில் காட்டினார். இடுப்புப் பக்கம் மூன்றாவது முள்ளெலும்பின் மட்டத்தில் ஒரு குறுக்குவெட்டு. முதுகெலும்பின் இரு பக்கமும் திரண்டிருக்க வேண்டிய தசை மெலிந்து, நடுநடுவே கறுப்புக் கோடுகளாகக் கொழுப்பு ஓடியிருந்தது. தராசு இதைக் காட்டாது.

"வீட்டில என்னென்ன வேலை அம்மா தானே செய்யிறா?" என்றார். "எல்லாம்" என்று வாயெடுத்தேன். யோசித்தால், ஒரு வருசமாகச் சந்தைக்கு நான்தான் போகிறேன். பென்சன் எடுக்கத் தம்பி போகிறான். முற்றம் கூட்டுவதும் நான். வயசு போனால் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். அவர் 5 என்று எழுதினார். உடம்பு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று பார்க்கக் கனடாவில் 2005இல் உருவான நலிவு அளவுகோல் அது, இப்போது 1 முதல் 9 வரை போகிறது, எண் கூடக்கூட நலிவும் கூட. ஒரே வயதுக்காரர் இருவரில் யார் பெரிய சத்திரசிகிச்சையைத் தாண்டி வருவார் என்பதை வயதை விட இது நன்றாகச் சொல்லும் என்றார். காயம் ஆறவும் கிருமியை எதிர்க்கவும் வேண்டிய புரதத்தை உடம்பு தசையைக் கரைத்துத்தான் எடுக்குமாம். கையிருப்பு இல்லாதவர்களுக்கு இருமிச் சளியை வெளியேற்றவே பெலன் இருக்காது, நியுமோனியா வந்துவிடும்.

சத்திரசிகிச்சைக்கு முன் அம்மாவின் உடம்பைத் தேற்ற நான்கு வாரம் தந்தார்கள். புற்றுநோய் என்பதால் அதற்கு மேல் தள்ள முடியாது.

சாப்பாடுதான் பெரிய பாடு. கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்றால் அம்மாவுக்கு நாளுக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். புட்டும் சொதியும் பால்தேத்தண்ணியுமாக இருந்த அம்மாவின் கோப்பையில் சூரை மீனும் முட்டையும் தயிரும் ஏறின. வெள்ளிக்கிழமை சைவம், அன்றைக்குக் கௌபியும் பயறும். (சிறுநீரகம் சரியாக இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் இந்த அளவு.) "என்னால ஏலாது பிள்ளை" என்று கோப்பையைத் தள்ளுவார். ஆறு நேரமாகப் பிரித்துக் கொடுத்தேன்.

காலையும் பின்னேரமும் கதிரையில் எழும்பி இருக்கும் பயிற்சி. வெயில் தாழ்ந்ததும் திருகோணமலைக் கோட்டை வாசலால் உள்ளே போய், மான்கள் நிற்கும் மரநிழல் வரைக்கும் நடை. முதல் வாரம் பாதி வழியிலேயே இருந்துவிட்டார். நான்காம் வாரம் கோணேசர் கோவில் ஏற்றத்தின் அடி வரை போனார். ஐந்து தடவையும் கை ஊன்றாமல் 16 விநாடியில் முடித்தார். தசையின் அளவு நான்கு வாரத்தில் பெரிதாகக் கூடாது, வலுதான் கூடும் என்று டொக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். எனக்கு அது போதும்.

சத்திரசிகிச்சைக்கு மறுநாளே கட்டிலை விட்டு இறக்கிக் கதிரையில் இருத்தினார்கள். வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு அம்மா இருமினார். கண்ணால் தண்ணீர் வந்தது, ஆனால் சளியும் வந்தது. அந்த இருமல் சத்தத்தைக் கேட்டு நான் அழுதேன். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தோம்.

மூன்று மாதமாகிறது. நேற்று விறாந்தையில் நேரம் பார்த்தேன், 13 விநாடி. 12க்குள் வர வேண்டும். இன்றைக்கு மீன்காரன் வந்தபோது அம்மா தானே எழும்பிப் படலை வரை போய்ப் பேரம் பேசிக்கொண்டு நின்றார்.